ஆண்கள் அலமாரியிலிருந்து ஒரு மருந்து

அரசு மருந்துப் பட்டியலில் உள்ள மருந்தே ஆனாலும், பட்டியலில் சொல்லப்படாத ஒரு காரணத்துக்காக அதை ஒரு நோயாளிக்குக் கொடுக்க வேண்டுமென்றால், துறை நிபுணர் அதற்குரிய பாரத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மருந்தகத் தலைவர் அதைப் பரிசீலிக்க வேண்டும். மருத்துவமனையின் மருந்துக் குழு ஆதரிக்க வேண்டும். இயக்குநர் கையொப்பமிட வேண்டும். கோலாலம்பூரில் உள்ள மேலிடம் அனுமதிக்க வேண்டும். எழுத்துப்பூர்வமான பதில் கைக்கு வரும்வரை அந்த மருந்து அலமாரியை விட்டு நகரக்கூடாது.

மலாக்காவில் ஓர் அரசு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் இந்த விதியைப் பலரிடம் ஒப்பித்திருக்கிறேன். பெரும்பாலும் 'கிடையாது' என்று சொல்வதற்கு முன்னுரையாகத்தான். ஒரே ஒரு முறை அதை எனக்கே ஒப்பிக்க வேண்டியிருந்தது.

போன மாதம் பரமேஸ்வரி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற மருந்தகத்துக்கு இப்போது அவள்தான் பொறுப்பு.

"சரஸ் அக்கா, ஒரு அம்மா வந்திருக்காங்க. மாதவிலக்கு நின்னவங்க. டெஸ்டோஸ்டெரோன் வேணும்னு ஸ்பெஷலிஸ்ட்கிட்ட சீட்டு வாங்கிட்டு வந்திருக்காங்க. பழைய ஃபைலத் தேடினா நைன்ட்டீஸ்ல இதே மாதிரி ஒரு கேஸ் இருக்கு. பேரைக் கறுப்பு மையில அடிச்சிருக்காங்க. பாதிப் பேப்பரக் காணோம். கடைசியில என்ன முடிவாச்சுன்னே தெரியலக்கா. உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"கொஞ்சம் ஞாபகம் இருக்கு" என்றேன்.

"பேஷண்ட் யாருன்னு தெரியுமாக்கா?"

"பார்த்திருக்கேன்" என்றேன். தினமும் பல் விளக்கும்போது பார்க்கிறேன் என்று சொல்லவில்லை. அப்போது சொல்லாததை இப்போது எழுதுகிறேன். எழுபது வயதைத் தாண்டிய பிறகு வெட்கம் என்பது காலாவதியான மருந்து. வைத்திருந்தாலும் வேலை செய்யாது.

பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அலோர் காஜா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். எங்கள் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெஸரிடம் இரண்டே மருந்துகள் இருந்தன, வெள்ளை மிக்ஸ்சர், சிவப்பு மிக்ஸ்சர். காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் அவர் கைக்கு எது எட்டுகிறதோ அது. எதற்கு எது என்று ஒருநாள் கேட்டேன். "உனக்கு எதுக்கு அதெல்லாம்?" என்று அதட்டினார். அந்தக் கோபத்திலேயே படித்து, மருந்தக உதவியாளர் பயிற்சிக்குத் தேர்வானேன். எதற்கு எது என்று இருபத்திரண்டு வயதில் தெரிந்துவிட்டது. பிறகு நான் டிரெஸரைவிட மோசமாக அதட்டத் தொடங்கினேன்.

தொண்ணூறுகளில் என் தலைவர் புவான் ரொஹானி. மலாயில் புவான் என்றால் அம்மையார். அவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. மேசையில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் அடிக்கோல் ஒன்று வைத்திருப்பார். எந்தத் தாள் வந்தாலும் முதல் வரிக்குக் கீழே அடிக்கோலை வைத்து, படித்து, ஒரு வரி கீழே இறக்கி, படித்து, இப்படியே பக்கத்தின் அடிவரை போவார். அவசரம் என்று யார் வந்து நின்றாலும் அடிக்கோலின் வேகம் மாறாது. ஒருவரிடமும் 'முடியாது' என்று சொன்னதில்லை. குறை இருந்தால் ஓரத்தில் பென்சிலால் 'சிலா லெங்காப்கான்' என்று எழுதித் திருப்பி அனுப்புவார். தயவுசெய்து பூர்த்தி செய்யவும் என்று பொருள். அந்த இரண்டு சொல்லுக்குப் பயந்து நிபுணர்கள் வேறு மருந்து எழுதியதுண்டு. அந்தப் பென்சிலின் நீட்சியாக நான் கவுண்டரில் இருந்தேன்.

என் நாற்பத்தாறாவது வயதில் கருப்பையில் கட்டி என்று அறுவை செய்தார்கள். கருப்பையோடு சினைப்பைகளையும் எடுக்க வேண்டியதாயிற்று. மற்றப் பெண்களுக்கு மாதவிலக்கு மெல்ல மெல்ல நிற்கும், எனக்கு மெயின் சுவிட்சை அணைத்தது போல ஒரே நாளில் நின்றது. உடம்பு கொதிப்பதற்கும் வேர்ப்பதற்கும் பெண் ஹார்மோன் மாத்திரை கொடுத்தார்கள். அது தன் வேலையைச் செய்தது. குளிரூட்டிய மருந்துக் கிடங்கில் போய் நின்றுகொள்வதை விட்டேன்.

ஆனால் ஒன்று திரும்பி வரவில்லை. ஆசை. சேலை மீதோ நகை மீதோ அல்ல, அவை அப்படியேதான் இருந்தன. கணவர் மீது இருந்த ஆசையைச் சொல்கிறேன். கோபமில்லை, வெறுப்பில்லை. அவர் கை தோளில் பட்டால் பேருந்தில் பக்கத்து ஆள் கை பட்டது போல இருந்தது. நகர்ந்து இடம் விட்டேன்.

என் கணவர் தங்கராஜு போஸ்ட் ஆபீஸில் கடிதம் பிரிக்கும் பகுதியில் மேற்பார்வையாளர். எதையும் வாய்விட்டுக் கேட்கிற ஆளில்லை. மகள் படிக்கப் போய்விட்டதால் புக்கிட் பெருவாங் வீட்டில் நாங்கள் இருவர்தான். முதலில் அவர் கூடத்தில் டிவி பார்த்தபடி தூங்கினார். பிறகு டிவி இல்லாமலே அங்கு தூங்கினார். அதற்கும் பிறகு தூண்டில் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கோலா சுங்கை பாரு படகுத்துறை. திரும்பும்போது கெளுத்தியும் காலாவுமாக ஒரு பை. என் உடம்பில் ஹார்மோன் குறையக் குறைய வீட்டு ஐஸ்பெட்டியில் மீன் ஏறிக்கொண்டே போனது. பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தேன். பிறகு பக்கத்து வீட்டார் என்னைக் கண்டால் கதவைச் சாத்தத் தொடங்கினார்கள்.

யாரென்றே தெரியாத ஆண்களிடம் கவுண்டர் துவாரம் வழியாக, பின்வழியே வைக்கும் மருந்தை எப்படி வைப்பது என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி சொல்லித் தந்தவள் நான். வீட்டில் இருந்த ஒரே ஆணிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மருந்தகத்துக்கு வரும் வெளிநாட்டு மருத்துவ இதழ் ஒன்றில், சினைப்பை எடுத்த பெண்களுக்கு ஆண் ஹார்மோனை மிகக் குறைந்த அளவில் சில மருத்துவர்கள் கொடுத்துப் பார்ப்பதாகப் படித்தேன். பெண்ணின் சினைப்பையும் அதைக் கொஞ்சம் சுரக்கிறதாம். ஹார்மோன் பாடத்தில் நான் நல்ல மதிப்பெண் வாங்கியவள். ஆனாலும் அது என் உடம்பைப் பற்றிய பாடம் என்று அதுவரை தோன்றியதே இல்லை. மருந்து எங்கள் கிடங்கிலேயே இருந்தது. 'ஆண்களுக்கு மட்டும், நிபுணர் கையொப்பம் தேவை' என்று என் கையெழுத்தில் எழுதி ஒட்டிய அலமாரியில்.

மகப்பேறு நிபுணர் டாக்டர் இளங்கோவுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. அவர் எழுதிய சீட்டுகளைப் பல தடவை திருப்பி அனுப்பியிருக்கிறேன். நான் அவர் அறைக்குள் நுழைந்ததும் எழுந்தே விட்டார்.

"என்னக்கா, எந்தச் சீட்டு? சைன் போட மறந்துட்டேனா?"

"இல்ல டாக்டர். இன்னைக்கு நான் பேஷண்ட்."

உட்கார்ந்தோம். நான் வந்த விஷயத்தைத் தேர்வுக்குப் படித்தது போல ஒப்பித்தேன். அறுவை, தேதி, மாத்திரை, அளவு, பலன், மீதமிருக்கும் குறை. குறை வந்ததும் மேசையிலிருந்த இடுப்பெலும்பு மாதிரியைப் பார்த்துக்கொண்டு, "தாம்பத்திய நாட்டம் இல்ல" என்றேன். என் வாழ்நாளில் நான் பேசிய மிகச் சுத்தமான தமிழ் அதுதான்.

அவர் சிரிக்கவில்லை. தூக்கம், மனச்சோர்வு, வீட்டில் சண்டை, வேறு மாத்திரைகள் எல்லாம் கேட்டார். பிறகு, "நான் கேட்டிருக்கணும்க்கா. ஆபரேஷன் பண்ணவன் நான். வேர்வை நின்னுச்சான்னு கேட்டேன், அதோட விட்டுட்டேன்" என்றார்.

"கொடுப்பீங்களா?"

"கொடுத்துப் பார்க்கலாம். எல்லாருக்கும் கேட்கும்னு சொல்ல முடியாது. முகத்துல முடி வரலாம், பரு வரலாம், குரல் மாறினா திரும்பாது. கொழுப்பு ஏறலாம். பெண்களுக்குன்னு தயாரிச்ச மருந்தே கிடையாது, ஆம்பள மாத்திரையத்தான் ரொம்பக் குறைச்சுக் கொடுக்கணும். சீட்டு எழுதித் தரேன், வெளிய டவுன்ல வாங்கிக்கோங்க. யாருக்கும் தெரியாது, ரெண்டு நிமிஷ வேலை."

எந்தப் புத்தியுள்ள பெண்ணும் சீட்டை வாங்கிக்கொண்டு போயிருப்பாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அது முறையில்ல டாக்டர். நான் அரசாங்க ஊழியர். மருந்து நம்ம ஸ்டோர்ல இருக்கு. பட்டியல்ல சொல்லாத காரணம்னா சிறப்பு அனுமதிக்குப் போடணும்."

"அக்கா, அதுக்கு ஆறு மாசம் ஆகும்லா."

"ஆகட்டும்."

"அந்தப் பாரத்தை எப்படி நிரப்பறதுன்னே எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும்" என்றேன்.

அப்படித்தான் என் ஆசையின்மைக்கான விண்ணப்பத்தை நானே எழுதினேன். அலுவலக மலாயில், எழுவாய் இல்லாமல், உணர்ச்சி இல்லாமல். மிக நன்றாக வந்திருந்தது. யாருடைய விண்ணப்பமோ என்பது போலிருந்தது. இளங்கோ கையொப்பமிட்டார், நான் அதை எடுத்துக்கொண்டு புவான் ரொஹானியின் மேசைக்குப் போனேன்.

அவர் அடிக்கோலை முதல் வரிக்குக் கீழே வைத்தார். முதல் வரி நோயாளியின் பெயர். அடிக்கோல் அங்கே வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரம் நின்றது. தலை நிமிரவில்லை. பிறகு இறங்கியது.

"நோயாளிக்கு இது எத்தனை காலமா இருக்குன்னு போடல" என்றார்.

"ஆபரேஷனுக்குப் பிறகு ரெண்டு வருஷமா, புவான். நோயாளி அப்படித்தான் சொல்றாங்க."

"பக்கவிளைவு எல்லாம் நோயாளிக்குத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும்."

"நோயாளியோட கணவர் என்ன சொல்றார்?"

"கணவருக்கு இன்னும் தெரியாது, புவான்."

அடிக்கோல் அசையவில்லை.

"அதைப் பாரத்துல கேட்கல" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்கு இறக்கினார். அடிவரை போய்க் கையொப்பமிட்டார். "கூட்டத்துக்குப் போற பிரதிகள்ல பேரை அடிச்சிடு. வேற யார்கிட்டயும் கொடுக்காத, நீயே செய்."

கறுப்பு மையை எடுத்து ஒவ்வொரு பிரதியிலும் என் பெயரை நானே அடித்தேன். கடைசிப் பிரதிக்கு வரும்போது கை பழகிவிட்டது.

மருந்துக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும். இயக்குநர் தலைவர். நிபுணர்கள் உறுப்பினர்கள். குறிப்பு எழுதும் செயலாளர் நான். இதை மறந்துவிட்டு விண்ணப்பித்தேன் என்று நினைக்க வேண்டாம். யாராவது ஒருவர் எழுதித்தானே ஆக வேண்டும் என்று நினைத்தேன். என் மூளை அப்படித்தான் வேலை செய்தது.

கூட்டம் பாதி மலாயிலும் பாதி ஆங்கிலத்திலும் நடக்கும், இங்கே தமிழில் எழுதுகிறேன். கையுறைத் தட்டுப்பாடு, ஆன்டிபயாட்டிக் சண்டை எல்லாம் முடிந்து, கறிபாப்பும் தேநீரும் வந்த பிறகு என் விஷயம் வந்தது. இளங்கோ எழுந்து, "நாற்பத்தெட்டு வயதுப் பெண், அறுவையால் மாதவிலக்கு நின்றவர்" என்று தொடங்கினார். என் பக்கம் பார்க்கக்கூடாது என்று அவர் பட்ட பாட்டில் கழுத்தே ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது.

அறுவைச் சிகிச்சை நிபுணர் கறிபாப்பைக் கீழே வைக்காமலே கேட்டார்: "நாப்பத்தெட்டு வயசுல இந்த அம்மாவுக்கு எதுக்கு இதெல்லாம்? பேரன் பேத்தி இல்லையா? கோயிலுக்குப் போகச் சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுதினேன்: 'நோயாளியின் குடும்பச் சூழல் குறித்து உறுப்பினர் ஒருவர் விளக்கம் கோரினார்.'

"அறுபத்தஞ்சு வயசுக் கடை முதலாளி, தவுக்கே, வந்து கேட்டா அதே மாத்திரையைக் கேள்வி கேட்காமக் கொடுக்கறோம். அவருக்குப் பேரன் இல்லையா?" என்றார் இளங்கோ.

'ஆண் நோயாளிகளின் பயன்பாட்டோடு ஒப்பீடு செய்யப்பட்டது.'

"வேணும்னா கொடுங்க. மீசை முளைச்சா என்கிட்ட அனுப்பாதீங்க, சவரக்கடைக்கு அனுப்புங்க."

'பக்கவிளைவுகள் விவாதிக்கப்பட்டன.'

அவமானம் பிடுங்கித் தின்றது, உண்மைதான். ஆனால் எழுதிய ஒவ்வொரு வரியும் நன்றாக வருகிறதே என்ற சின்னத் திருப்தியும் இருந்தது. இப்படி ஒரு பிறவி.

புவான் ரொஹானி அதுவரை பேசவில்லை. "விண்ணப்பத்தை நான் வரி வரியாப் பார்த்தேன். நோயாளி எல்லாம் தெரிஞ்சுதான் கேட்கிறார். ஆதரிக்கிறேன்" என்றார். சிரிப்பு நின்றது. அவர் ஆதரித்த ஒன்றை அந்த அறையில் யாரும் மறுத்ததில்லை.

இயக்குநர் பேனாவைத் திறந்தார். "சரி, ஆதரிக்கலாம். செயலாளர், எல்லாம் பூர்த்தியா இருக்கா?"

ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அவர் கடைசியாகக் கேட்கும் கேள்விதான். ஒவ்வொரு தடவையும் கேட்டவுடன் என் கண் இணைப்புகளின் மேல் ஓடும், வாய் திறக்கும். அன்றும் கண் ஓடியது. வாய் திறந்தது.

"ரத்தக் கொழுப்பு, கல்லீரல் சோதனை முடிவுகள் இணைக்கப்படவில்லை, டத்தோ."

சொன்னது என் குரல்தான். அறையில் வேறு பெண் குரல் புவானுடையது மட்டும், அவர் வாய் மூடியிருந்தது. இளங்கோ என் பக்கம் பார்க்கக்கூடாது என்ற கட்டுப்பாட்டை மறந்து நேராகத் திரும்பிப் பார்த்தார். இந்த மருந்துக்கு அந்த இரண்டு சோதனைகளும் கட்டாயம் என்ற நிபந்தனையைப் போன வருடம் சேர்க்கச் சொன்னதே நான்தான். ஆண் நோயாளிகளை நினைத்துச் சேர்த்தது. என் பாரத்தை நிரப்பியபோது அது நினைவுக்கு வரவில்லை. வரக்கூடாத இடத்தில் சரியாக வந்தது.

"அப்ப அடுத்த கூட்டத்துல பார்க்கலாம்" என்று இயக்குநர் பேனாவை மூடினார்.

"பார்த்தீங்களா, செயலாளருக்கே சம்மதமில்ல" என்றார் அறுவை நிபுணர்.

'முழுமையற்ற விண்ணப்பம். ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதிக் கீழே கோடு போட்டேன்.

நடைபாதையில் இளங்கோ என்னைப் பிடித்தார். "அக்கா, நீங்க யார் பக்கம்க்கா?"

"பழக்கம், டாக்டர்."

"மூணு மாசம் போச்சு! கொஞ்சம் வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்லா!"

பின்னால் வந்த புவான் ரொஹானி என்னைத் தாண்டும்போது நின்றார். "சரஸ், உன்கிட்ட ஒருநாளும் கேட்டதில்ல, இன்னைக்கு மட்டும் நீ கவனக்குறைவா இருப்பேன்னு நம்பினேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவரிடம் நான் வாங்கிய ஒரே கண்டனம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கணவர் தூண்டிலை எடுத்தபோது, "நானும் வரேன்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, காடியின் முன் இருக்கையிலிருந்த புழுப் பெட்டியை எடுத்துப் பின்னால் வைத்தார்.

கோலா சுங்கை பாருவில் மரப் படகுத்துறையின் ஓரத்தில் உட்கார்ந்தோம். கொஞ்சம் தள்ளி இரண்டு மலாய்க்காரப் பெரியவர்கள் தூண்டில் போட்டிருந்தார்கள். அவர்கள் என் கணவருக்குத் தலையசைத்தார்கள், என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்கள். இந்த ஆளுக்கு மனைவி உண்டு என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

"ஏங்க, வாராவாரம் எதுக்கு இங்க வரீங்க?"

"மீன் பிடிக்க."

"மீன்தான் வீட்டுல வைக்க இடமில்லாமக் கெடக்கே."

தூண்டில் நுனியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "வீட்டுல இருந்தா உனக்குத் தொந்தரவா இருக்குமேன்னுதான்."

இதற்கு மேல் தள்ளிப்போட எந்த விதியிலும் இடமில்லை. "நான் ஒரு மருந்துக்கு அப்ளை பண்ணியிருக்கேன்" என்றேன்.

தூண்டில் கம்பு கையிலிருந்து நழுவப் பார்த்தது. "என்ன மருந்து? என்ன வியாதி? ஆபரேஷன்ல எடுத்தது திரும்ப வந்துடுச்சா? சரசு, மறைக்காமச் சொல்லு."

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்க. ஆசை வர்றதுக்கு மருந்து."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"யார் மேல?"

"கெளுத்தி மேல" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். "எனக்கு வயசாயிடுச்சு, உனக்குப் பிடிக்காமப் போயிடுச்சுன்னு நெனச்சுட்டு இருந்தேன்" என்றார்.

"பிடிக்காமப் போனா, பாரம் நிரப்பி, ஸ்பெஷலிஸ்ட் கையெழுத்து வாங்கி, மீட்டிங்குல வச்சுக் கோலாலம்பூருக்கு அனுப்பப் பார்ப்பாங்களா?"

"மீட்டிங்குலயா?" என்று அலறினார். மலாய்க்காரப் பெரியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நடந்ததை முழுவதும் சொன்னேன். நானே என் விண்ணப்பத்தை நிறுத்திய இடம் வந்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"உன்னால மட்டும்தான் முடியும் சரசு. ஆமா, ஆம்பளைங்க மருந்துன்னா மீசை வருமா?"

"அளவு கூடினா வரலாம். குரல் தடிக்கலாம்."

"உன் குரல் இதுக்கு மேல தடிச்சா கவுண்டருக்கு மைக் வேணாம்." பிறகு, "டவுன்லயே வாங்கிடலாமே" என்றார்.

"பாதி வழி போயாச்சு. முறைப்படியே வரட்டும்."

இருபத்தைந்து வருடமாகக் கடிதங்களை முறைப்படி பிரித்த மனிதர் அவர். தலையாட்டினார். அன்று மீன் எதுவும் படவில்லை.

மனம் விட்டுப் பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதுகிற கட்டுரைகளைப் படித்திருக்கிறேன். எனக்குச் சரியாகவில்லை. அவர் கூடத்துப் பாயைச் சுருட்டிவிட்டு அறைக்கு வந்தார். "சும்மாப் படுக்கறதுக்கு அனுமதி வேணாம்ல?" என்றார். வேண்டாம் என்றேன். பேச்சு வந்தது, சிரிப்பு வந்தது, மீன் குறைந்தது. உடம்பு மட்டும் அப்படியே பேசாமல் கிடந்தது. அவர் கையை நகர்த்தாமல் வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். என்ன குறைகிறது என்று இருவருக்கும் தெரிந்த பிறகு குறை பெரிதாகத் தெரிந்தது. மேலிடத்தின் அனுமதி எனக்கு முன்னைவிட அதிகமாக வேண்டியிருந்தது.

அடுத்த கூட்டத்தில் ரத்தச் சோதனை முடிவுகளை மூன்று பிரதிகளாக இணைத்திருந்தேன். பூர்த்தியா என்று இயக்குநர் கேட்டதும் "பூர்த்தி" என்றேன். உறுப்பினர்கள் தலைநிமிர்ந்து பார்க்கும் அளவுக்கு உரக்க.

மேலிடத்துக்குப் போனது. சில வாரங்கள் கழித்து ஒரு கடிதம் வந்தது. பதிலல்ல, கேள்வி. இணைப்பிலுள்ள நோயாளி பெண் என்று குறிப்பிடப்பட்டுள்ளது, மருந்து ஆண்களுக்கானது, பாலினத்தைச் சரிபார்த்து உறுதிப்படுத்தவும். கேட்டவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். 'நோயாளி பெண் என்பது இதன்வழி உறுதிப்படுத்தப்படுகிறது' என்று நானே வரைவு எழுதினேன், இளங்கோ கையொப்பமிட்டார். எனக்கே சந்தேகம் இருந்த ஒன்றை அரசாங்க முத்திரையோடு தீர்த்துவைத்தோம்.

அதன் பிறகு நீண்ட அமைதி. இத்தனை வாரத்துக்குள் நினைவூட்டக்கூடாது என்று ஒரு வழக்கம் உண்டு, நான் நினைவூட்டவில்லை. ஆனால் என் கணவர் தன் பகுதியில் அரசாங்கப் பழுப்பு உறை எது வந்தாலும் தன் கையால் எடுத்துப் பார்க்கத் தொடங்கினார். மாலையில் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, "இன்னைக்கு இல்ல" என்பார். தீபாவளி வந்தது, போனது. பொங்கல் போனது. "இன்னைக்கு இல்ல." நான் கேட்கவே இல்லை. அவர் சொல்லாமல் இருந்ததும் இல்லை.

ஒரு காலை கவுண்டரில் கூட்டம் நிறைந்திருந்த நேரத்தில் மருந்தகத் தொலைபேசி அடித்தது.

"சரசு, கவர் வந்திருக்கு. உங்க ஆஸ்பத்திரிக்கு. கோலாலம்பூர் முத்திரை."

"கனமா இருக்கா, லேசா இருக்கா?"

"லேசு. ஒரே தாள் மாதிரித் தெரியுது."

நிராகரிப்பு என்றால் ஒரு தாள். அனுமதி என்றால் நிபந்தனைப் பட்டியலோடு இரண்டு தாள். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டாம் என்று அன்றுதான் நினைத்தேன்.

"பிரிச்சுப் பார்க்கட்டுமா?" என்று என் கணவர் கேட்கவில்லை. "நான் பிரிக்க முடியாது, நீ புரிஞ்சுக்குவ" என்றார். "டெலிவரிப் பையில போட்டாச்சு. நான் பின்னாடியே வரேன்."

தபால்காரர் வந்தபோது, என் கணவரும் தன் மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். என்னிடம் வரவில்லை. வாசலில் எண் அட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு நோயாளிகளோடு நோயாளியாகப் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் உறையை எடுத்துக்கொண்டு புவான் ரொஹானியிடம் போனேன். அவர் பெயருக்கு வந்தது, அவர்தான் பிரிக்க வேண்டும்.

அவர் பிரித்தார். ஒரே தாள்தான். அடிக்கோலை முதல் வரிக்குக் கீழே வைத்தார். இறக்கினார். இறக்கினார். நான் அவர் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது என்று அறிந்தவள், அதனால் அடிக்கோலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தின் அடிக்கு வந்தது. அங்கே நிற்காமல் அவர் தாளைத் திருப்பினார். பின்பக்கமும் அச்சு இருந்தது, எண்ணிட்ட நிபந்தனைகள். காகிதச் சிக்கனம் பற்றி வந்த சுற்றறிக்கையை நான்தான் எல்லாப் பகுதிக்கும் அனுப்பியிருந்தேன். இரு பக்கமும் அச்சிடவும் என்று.

"ஆறு மாசம்" என்றார் புவான் ரொஹானி. "குறைந்த அளவு. ஒழுங்கா ரத்தச் சோதனை. பிறகு மறுபரிசீலனை." அடிக்கோலை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார். பகல் நேரத்தில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. "நோயாளிக்குச் சொல்லிடு, சரஸ். காத்துட்டு இருப்பாங்க."

கவுண்டருக்குத் திரும்பி அடுத்த எண்ணை அழைத்தேன். அதற்கடுத்ததை. அதற்கும் அடுத்தது என் கணவருடையது. வரிசையை மீற எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. அவர் எழுந்து வந்து துவாரத்தின் வழியாகக் குனிந்தார்.

"என்ன வேணும்?" என்றேன். பழக்கம்.

"தெரிஞ்சுக்கணும்."

"குடுத்துட்டாங்க."

பின்னால் ஆட்கள் நின்றிருந்தார்கள். அவர் துவாரத்தின் வழியாகக் கையை நீட்டினார். சீட்டு வாங்கியே பழகிய நான், சீட்டு எதுவும் இல்லாத அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். "சரி, நான் வேலைக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

நான் கடிதத்தை எடுத்து, 'பெறப்பட்டது' முத்திரையில் தேதியைச் சரிசெய்து, வலது மேல் மூலையில், கோணாமல், குத்தினேன்: செவ்வாய்க்கிழமை, 18 மார்ச் 1997.